மேளத்தோடு யார் பேசுகிறார்கள்? கறுப்பின ஆட்டங்களில் ஆப்பிரிக்காவை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

நியூயார்க்கில் பொம்பா என்ற போர்ட்டோ ரிக்கோ ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள் நான் தாளம் பிசகாமல் ஆடினேன். அதுதான் தப்பாகிப் போனது.

ஏழு வருடம் பரதநாட்டியம் கற்றவள் நான். சொல்லுக்கட்டு காதில் விழுந்தால் கால் தானாக விழும். அன்றும் மேளக்காரர் அடித்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு அடி வைத்தேன். பாராட்டு வரும் என்றுதான் நினைத்தேன். ஆசிரியை அறுபதைத் தாண்டிய போர்ட்டோ ரிக்கோ பெண்மணி. கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார். "மிஹா," என்றார். 'என் மகளே' என்பதை அவர்கள் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவார்கள். "நீ அவருக்காக ஆடிக்கொண்டிருக்கிறாய். அவர்தான் உனக்காக அடிக்க வேண்டும்."

எனக்குப் புரியவில்லை. புரிய இரண்டு வருடம் ஆனது. அதன் பிறகு கியூபா, பிரேசில், ஹெய்ட்டி என்று எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: இங்கே மேளமும் ஆடுகிறவரும் பேசிக்கொள்கிறார்களா, பேச்சைத் தொடங்குவது யார்? உடையைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அசைவைப் பார்த்தால் பாதி ஏமாந்துபோவீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களோடு கடல் தாண்டி வந்தவற்றில் கெட்டியாக நின்றது இந்தப் பேச்சுதான் என்பது என் எண்ணம். அதைப் பார்க்கப் பழகுவது எப்படி என்று, நான் தடுமாறிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் கண்ணை மூடுங்கள்

ஒரு காணொளியை ஓடவிட்டுக் கண்ணை மூடுங்கள். நம் கை தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடும், சமம் எங்கே என்று தேடும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் அடக்கி வையுங்கள். மணியோ, இரண்டு கட்டையோ, மேளத்தின் மர உடம்பில் தட்டும் குச்சியோ, கணீரென்று ஒரே கோலத்தை விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தக் குழுவில் எல்லாரும் சாய்ந்து நிற்கும் தூண் அதுதான்.

அதை உடம்பில் ஏற்ற ஒரு பயிற்சி. ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒரே சீராக எண்ணுங்கள். 1, 3, 5, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் மட்டும் கை தட்டுங்கள். ஏழு தட்டு. ஐந்தும் ஆறும் ஒட்டி வரும். பன்னிரண்டும், சுற்றித் திரும்பி வரும் ஒன்றும் ஒட்டி வரும். மற்றவற்றுக்கு நடுவே ஒரு மூச்சு இடம் இருக்கும். இது கைக்கு வந்ததும் காலைச் சேருங்கள்: 1, 4, 7, 10. இப்போது கையும் காலும் ஒன்றிலும் பத்திலும் மட்டும்தான் சந்திக்கும். மற்ற நேரம் முழுக்க அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே போகும்.

எனக்கு இது ஒரு வாரம் வரவில்லை. ரயிலில் நின்றுகொண்டு செய்து, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெட்டிக்குப் போனார். எட்டாம் நாள் வந்தது. வந்தபோது நான் எண்ணவில்லை.

கானா, டோகோ பகுதியின் எவே மக்களிடம் இந்த ஏழு அடியைக் கேட்கலாம். நைஜீரியா, பெனின் பக்கம் யொருபா மக்களிடம் கேட்கலாம். கியூபாவில் ஒரிஷா என்ற யொருபா தெய்வங்களுக்கு நடக்கும் பெம்பே விழாவிலும் கேட்கலாம். கப்பலில் வந்தவர்கள் தாங்களாக வந்தவர்கள் இல்லை. மணியைக் கொண்டுவரவில்லை, கோலத்தைக் கொண்டுவந்தார்கள். கிடைத்த இரும்பில் அதைத் தட்டினார்கள். மண்வெட்டித் தகடுகூட மணியானது.

அடுத்து கியூபாவின் ரும்பா ஆட்டம். கிளாவே என்பது ஒன்றோடொன்று தட்டும் இரண்டு கட்டைகள். அவை தட்டும் கோலத்துக்கும் அதே பெயர். பதினாறு வரை எண்ணி 1, 4, 8, 11, 13 இல் தட்டுங்கள். அந்த எட்டை ஏழாக்கினால் ரும்பா கிளாவே போய், சொன் என்ற இன்னொரு கியூப இசையின் கிளாவே வந்துவிடும். ஒரே ஒரு தட்டு, அதுவும் ஒரு கணம் முன்னே, அவ்வளவுதான் வித்தியாசம். ஹவானாக்காரர்கள் அந்தக் கணத்தை வைத்து மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

இப்போது கண்ணைத் திறந்து, பேச்சைக் கேளுங்கள்

பொம்பாவிலிருந்தே தொடங்குகிறேன், எனக்குத் தெரிந்த இடம் அது. போர்ட்டோ ரிக்கோவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களிடம் வளர்ந்த ஆட்டம். லோயிசா, பொன்சே, மயாகுவெஸ், சந்துர்சே என்று ஊருக்கு ஊர் நடை மாறும். மேளங்களுக்கு பர்ரீல் என்று பெயர். பெயரே சொல்லிவிடும், பீப்பாய்தான்: சரக்கு ஏற்றிவந்த பீப்பாயில் ஆட்டுத்தோல் கட்டியது. புலேதோர் என்ற மேளம் அடிப்படையைப் பிடித்துக்கொண்டிருக்கும். குவா என்ற இரண்டு குச்சிகள் மரத்தில் தட்டும், பாடுகிறவர் கையில் மராக்கா குலுங்கும். இவற்றுக்கு மேலே உச்சக் குரலில் ஒரு மேளம். அதுதான் ப்ரீமோ, சுபிதோர் என்றும் சொல்வார்கள்.

ப்ரீமோ அடிக்கிறவரின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கையைப் பார்க்கமாட்டார். ஆடுகிறவரின் தோள், முழங்கை, பாவாடை நுனி, பாதம், இதையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பாவாடையை ஒரு வெட்டு வெட்டினால் 'தட்'. தோளை இரண்டு முறை உதறினால் 'தட் தட்'. சட்டென்று நின்றால் மேளமும் நிற்க வேண்டும். இந்த வெட்டு ஒவ்வொன்றுக்கும் பிகேத்தே என்று பெயர். இது ஒரு சவால், விளையாட்டுச் சண்டை. அவர் பிடித்துவிடுவாரா, அவள் தப்பிவிடுவாளா என்றுதான் சுற்றி நிற்கிறவர்கள் கத்துவார்கள். மேளத்துக்கு ஆடிப் பழகிய எனக்கு இது தலைகீழ் உலகமாக இருந்தது. நான் ஒழுங்காகத் தாளத்தில் ஆடினால் அவருக்கு அடிக்க ஒன்றுமே இல்லை!

ஹெய்ட்டியில் இது மாறும். ஆப்பிரிக்க வேருள்ள வழிபாடான வூடூ சடங்கின் ரடா பிரிவில் மூன்று மேளங்கள். பெரியதற்கு மன்மன், அதாவது அம்மா, என்று பெயர். யான்வாலு ஆட்டத்தில் ஆடுகிறவர்கள் முழங்காலை மடக்கி முன்னால் குனிந்து, முதுகெலும்பில் அலை ஓட விடுவார்கள். தம்பாலா என்ற பாம்புத் தெய்வத்தோடு சேர்ந்த ஆட்டம் அது. நன்றாக ஆடுகிறவருக்கு இடுப்பு எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அந்த ஓட்டத்தின் நடுவே மன்மன் திடீரென்று எதிர்நடை போட்டு உடைக்கும். அந்த உடைப்புக்கு காசே என்று பெயர். அலை அறுந்து உடம்பும் உடைய வேண்டும், பிறகு மறுபடி அலைக்குத் திரும்ப வேண்டும். இங்கே பேச்சைத் தொடங்குவது மேளம்.

அமெரிக்க மேடைக்கு இந்த முதுகைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் கேத்தரின் டனம். மானிடவியல் மாணவியாக 1930களின் நடுவில் ஹெய்ட்டிக்குப் போனவர், அங்கே பார்த்ததையும் ஆடியதையும் தன் நடனப் பயிற்சி முறைக்கே அடித்தளமாக்கினார். எந்த டனம் வகுப்புக்குப் போனாலும் யான்வாலு வரும். இரண்டு நாள் முதுகு வலிக்கும், சொல்லிவிட்டேன்.

கந்தோம்பிளே என்பது பிரேசிலில் ஆப்பிரிக்கத் தெய்வங்களை வணங்கும் வழிபாடு. அந்த வழிபாட்டு வீடுகளில் ஹும், ஹும்ப்பி, லே என்று மூன்று மேளம். கியூபாவின் பத்தா மேளங்களும் மூன்று: இயா, இத்தோத்தெலெ, ஒகோன்கொலோ. இரண்டு இடத்திலும் தலைமை பெரிய மேளத்துக்குத்தான், கனத்த குரலுக்கு. சின்னவை நடையைப் பிடித்துக்கொண்டிருக்க, பெரியது பேசும். ரும்பாவிலும் பொம்பாவிலும் உச்சக் குரல் மேளம் பேசும், கனத்தவை நடை பிடிக்கும். எனவே ஒரு குறிப்பு: யார் பேசுகிறார்கள் என்று தெரியாவிட்டால், கோலம் மாறிக்கொண்டே இருக்கும் மேளத்தைத் தேடுங்கள். மற்றவை மாறாது. அதைக் கண்டதும் ஆடுகிறவரின் காலுக்கும் அந்த மேளத்துக்கும் நடுவே ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

ரும்பாவில் அந்த மேளத்துக்கு கின்தோ என்று பெயர். ரும்பா மூன்று வகை. யம்பூ நிதானமானது. கொலும்பியா வழக்கமாக ஆண் தனியாக ஆடுவது, கின்தோவோடு நேருக்கு நேர். குவாகுவான்கோவில் ஆணும் பெண்ணும். அவன் எதிர்பாராத நொடியில் இடுப்பாலோ கையாலோ காலாலோ அவளை நோக்கி ஒரு வீச்சு வீசுவான், அவள் பாவாடையால் மறைத்துத் தப்புவாள். அந்த வீச்சுக்கு வகுனாவ் என்று பெயர், ஊசி குத்துவது என்று பொருள், தடுப்பூசிதான். யம்பூவில் ஊசி கிடையாது.

அந்த வீச்சின் வேரை கொங்கோ, அங்கோலா பக்கம் தேடுவார்கள், அதே வேரின் இன்னொரு கிளை பிரேசிலில் இருக்கிறது. பிரேசிலின் பஹியாவில், விரிகுடாவைச் சுற்றியுள்ள ஊர்களில் சம்பா தி ஹோதா ஆடுவார்கள். ரியோ திருவிழா சம்பா பிறப்பதற்கு முன்பே இருந்தது. வட்டத்தின் நடுவே ஒருவர் ஆடுவார். முடித்ததும் வட்டத்தில் நிற்கும் ஒருவரிடம் போய்த் தொப்புளோடு தொப்புள் முட்டுவதுபோல் ஒரு இடி. 'அடுத்தது நீ' என்று அர்த்தம். அதற்கு உம்பிகாதா என்று பெயர். பக்கத்தில் ஒரு பெண் சமையலறைத் தட்டைக் கத்தியால் சுரண்டித் தாளம் போட்டுக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

மேளத்தைப் பிடுங்கிய இடத்தில் என்ன செய்தார்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டு ஆட்டங்களைப் பார்க்க வேறு கண் வேண்டும். 1739 இல் தெற்குக் கரோலைனாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் மேளம் கொட்டிக்கொண்டு கிளர்ந்தெழுந்தார்கள். மறு வருடமே சட்டம் வந்தது: மேளம், கொம்பு எதுவும் கூடாது. தோட்ட முதலாளிகளுக்கு ஒன்று புரிந்திருந்தது, மேளம் செய்தி சொல்லும்.

சரி, மேளம் போய்விட்டது. அதன் வேலையை யார் செய்தார்கள் என்று தேடுங்கள். தொடை, மார்பு, உள்ளங்கை செய்தன. அதற்குப் பாட்டிங் ஜூபா என்று பெயர். தரை செய்தது. ஜார்ஜியா, தெற்குக் கரோலைனா கடற்கரையில் வாழும் கல்லா கீச்சி என்ற கறுப்பின மக்களிடம் ரிங் ஷவுட் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. மெக்கின்டாஷ் கவுன்ட்டி ஷவுட்டர்ஸ் குழுவின் காணொளி கிடைத்தால் பாருங்கள். ஒருவர் உட்கார்ந்து துடைப்பக் கட்டையால் மரத்தரையில் இடிப்பார். ஒருவர் பாட்டெடுப்பார், பின்னால் நிற்கிறவர்கள் பதில் சொல்லிக் கை தட்டுவார்கள். பெண்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வட்டமாக, பாதத்தைத் தூக்காமல் உரசிக்கொண்டே போவார்கள்.

அந்தப் பாதத்தை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரு கால் இன்னொன்றைத் தாண்டவே தாண்டாது. தாண்டினால் அது ஆட்டம். தேவாலயக்காரர்களுக்கு ஆட்டம் பாவம். தாண்டாவிட்டால் அது ஜெபம். தடையைக் கேட்டு நடப்பதுபோல் நடந்துகொண்டே வட்டத்தையும், கேள்வி பதிலையும், தாளத்தையும் காப்பாற்றிக்கொண்டார்கள். வட்டம் ஏன் எதிர்த்திசையில் போகிறது என்பதற்கு, கொங்கோ மக்களின் பிறப்பு இறப்புச் சக்கரத்தோடு முடிச்சுப் போடும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆனாலும் எதிர்த்திசை வட்டம் கண்ட இடமெல்லாம் 'கொங்கோ' என்று கத்திவிடாதீர்கள், நான் கத்தியிருக்கிறேன்.

டாப் நடனத்தில் மேளமே காலுக்கு இறங்கிவிட்டது. 1840களில் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரியில் அயர்லாந்து ஏழைகளும் கறுப்பின மக்களும் ஒரே தெருவில் வாழ்ந்தார்கள், ஒருவர் காலை மற்றவர் பார்த்தார்கள். அங்கிருந்து புகழ்பெற்றவர் வில்லியம் ஹென்றி லேன், மேடைப் பெயர் மாஸ்டர் ஜூபா. டாப் பார்க்கும்போது 'இதில் எது ஆப்பிரிக்கா' என்று பிரித்துக் கேட்டால் பதில் கிடைக்காது. வேறு விதமாகக் கேளுங்கள்: எடை எங்கே விழுகிறது, கால் இசையின் மேல் விழுகிறதா அல்லது இசையின் இடைவெளியில் விழுகிறதா? இடைவெளியில் விழுந்தால், ரயிலில் நான் தட்டிய பன்னிரண்டு எண்ணிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனத்துக்கு ஒரே குறிப்புதான். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் சவாய் நடனக்கூடம் 1926 இல் திறந்தது, அங்கேதான் அது வளர்ந்தது. பழைய படச்சுருள்களில் ஜோடியின் கையைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் அணைத்துப் பிடித்துத் தொடங்குவார்கள், பிறகு பிடி திறக்கும், ஒவ்வொருவரும் தனியாக இசையோடு பேசிவிட்டுத் திரும்பி வருவார்கள். அந்தத் திறப்புதான் நீங்கள் பார்க்க வேண்டியது. காற்றில் தூக்கிப் போடுவதெல்லாம் அப்புறம்.

முழங்கால், முகம்

இது சீக்கிரம் முடியும். நம் அரைமண்டியும் தாழ்ந்ததுதான், ஆனால் முழங்கால் பக்கவாட்டில் திறந்து, முதுகு விளக்குத் தண்டுபோல் நிமிர்ந்து நிற்கும். இங்கே முழங்கால் முன்னோக்கி மடங்கும், உடம்பு கொஞ்சம் சாயும், பாதம் முழுதாகத் தரையில் பதியும். முதுகு, தோள், இடுப்பு ஒவ்வொன்றும் தன் தன் தாளத்தில் போகும். எனக்கு முதுகை விடச் சொன்னபோது அழுகை வந்தது, ஏழு வருடம் அதைத்தானே பிடித்து வைத்திருந்தேன்.

முகம் நேர் எதிர். சம்பா தி ஹோதாவில் மியுதின்யோ என்ற நுணுக்க அடியைப் பாருங்கள்: கீழே பாதம் பொடிப் பொடியாக நகரும், மேலே முகம் கிணற்றுத் தண்ணீர். யொருபா மக்கள் இதை இதுதூ என்பார்கள், குளிர்ச்சி. ராபர்ட் ஃபாரிஸ் தாம்ப்சன் என்ற ஆய்வாளர் இந்தக் குளிர்ச்சியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்.

'ஆப்பிரிக்கா' என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள்

அட்லாண்டிக் தாண்டிக் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பிரேசிலில் மட்டும் 48 லட்சம் பேர் அளவில் இறக்கப்பட்டார்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு நேரடியாக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. அங்கே 1808 இல் இறக்குமதிக்குத் தடை வந்தது. கியூபாவிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன. யொருபா நாட்டில் அப்போது போர்கள். பிடிபட்டவர்கள் கூட்டம் கூட்டமாக ஹவானாவுக்கும் பஹியாவுக்கும் வந்தார்கள். கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886, பிரேசிலில் 1888. அந்த இரண்டு இடத்திலும் யொருபா தெய்வங்கள் இவ்வளவு தெளிவாக ஆடுவதற்குக் காரணம் இதுதான்: பாட்டனுக்கு யொருபா ஊரே நினைவில் இருந்தது.

எனவே தேதியையும் துறைமுகத்தையும் கேளுங்கள். கந்தோம்பிளே வீடுகளே தங்களை 'தேசம்' வாரியாகப் பிரித்துச் சொல்லும்: கெத்து என்றால் யொருபா மக்கள், ஜெஜெ என்றால் பெனின் பக்கத்து ஃபோன் மக்கள், அங்கோலா என்றால் மத்திய ஆப்பிரிக்காவின் பாந்து மக்கள். பார்க்க ஒரு சுலப வழி உண்டு. கெத்து, ஜெஜெ வீடுகளில் மேளத்தைக் குச்சியால் அடிப்பார்கள். அங்கோலா வீடுகளில் வெறுங்கையால். கிரெனடாவைச் சேர்ந்த கரியக்கூ தீவில் பிக் டிரம் என்ற விழா உண்டு. அதில் குரோமன்டி, இபோ, மாண்டிங், கொங்கோ என்று ஒவ்வொரு தேசத்துக்கும் தனி மேள நடை, தனி ஆட்டம். எல்லாம் கலந்துபோன பின்னும் அந்த மக்கள் பெயரை விடவில்லை. நாம் ஏன் 'ஆப்பிரிக்க ஆட்டம்' என்று ஒரே சொல்லில் சுருட்ட வேண்டும்?

ஜமைக்காவின் கூமினா என்ற சடங்கு ஆட்டம் இன்னொரு பாடம். பழைய அடிமைக் காலத்துச் சொத்து என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விடுதலைக்குப் பிறகு, 1840களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த மத்திய ஆப்பிரிக்கர்களிடம் அது ஊன்றியிருக்கிறது. மேளத்தைப் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலால் தோலை அழுத்திச் சுருதியை மாற்றி அடிப்பார்கள். அந்தக் குதிகாலைப் பாருங்கள்.

வட்டத்துக்குள் போவதற்கு முன்

காணொளி போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நேரில் போனால் சில விஷயங்கள். கந்தோம்பிளே, வூடூ சடங்குக்கு அழைப்பு வந்தால் வெளிர் நிறத்தில் உடுத்துங்கள், கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள், வீட்டாரைக் கேட்காமல் ஆடாதீர்கள். அங்கே ஆடுவது உங்கள் திறமையைக் காட்ட அல்ல. பிரேசிலின் சண்டை ஆட்டமான கபோயெய்ரா வட்டத்தில், பெரிம்பாவ் என்ற வில் வாத்தியத்தின் அடியில் குனிந்து நின்று, கைகொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ரும்பாவில் பாட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் பாடகர் தனியாகப் பாடும்போது குதிக்காதீர்கள், குழு பதில் பாடத் தொடங்கிய பிறகே ஆட்டம்.

பொம்பாவில் முதலில் ப்ரீமோவுக்கு வணக்கம். இதை நான் மறந்தேன். ஒரு கோடைகால மாலை, தெருவோரம் வட்டம் கூடியிருந்தது. எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது, நேரே நடுவில் போய்ப் பாவாடையை வீசினேன். ப்ரீமோ பேசவில்லை. மறுபடி வீசினேன். அவர் மற்ற மேளத்தோடு சேர்ந்து அடிப்படை நடையையே அடித்துக்கொண்டிருந்தார், கண் வேறெங்கோ. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கூசியது. இருபது வினாடி இருக்கும், ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. பின்வாங்கிவிட்டேன்.

ஆசிரியை தண்ணீர் பாட்டிலை நீட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பாட்டுக் கழித்து மறுபடி போனேன். சீக்கா நடை, நாலு எண்ணிக்கை, நடப்பது மாதிரிதான். வட்டத்தை ஒரு முறை சுற்றி வந்து, மேளத்தின் முன் நின்று தலை தாழ்த்தினேன். அந்தப் பெரியவர் கண்ணை உயர்த்தினார். இடது தோளை உதறினேன், 'தட்'. பாவாடை வலப்பக்கம், 'தட்'. மூன்றாவதாக முழங்காலைத் தூக்குவதுபோல் காட்டித் தூக்காமல் நின்றேன். அவர் கை இறங்கிவிட்டது, 'தட்' என்று ஒரு அடி அநாதையாக விழுந்தது. வட்டம் முழுக்க ஒரே கூச்சல். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு மேளத்தை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.